வாயில் மாடத்தில் தொங்கிய எலுமிச்சம்பழம்

தினமும் சைட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பாலைவனத்தின் நடுவே புகைபோக்கிகள் தெரியும். துபாய்க்கு வெளியே ஓர் அரபி முதலாளியின் பண்ணை மாளிகைக்கு நாங்கள் கட்டிய வாயில் மாடம் அது. இங்கிலாந்தில் டியூடர் ராஜாக்கள் காலத்தில் எழுந்த ஒன்றின் அச்சு அசல் நகல். இருபக்கமும் எண்கோணக் கோபுரம், நடுவே வளைவு, குளிரே தெரியாத ஊரில் அத்தனை புகைபோக்கி. செங்கல்கூட அங்கிருந்துதான் கப்பலில் வந்தது. கரூர்க்காரனான நான் அதற்கு சூப்பர்வைசர். பெருமை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கமலாவை அழைத்துப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை, வளைவுக்குக் கீழே சாரத்தில் கறுப்புக் கயிறு கட்டி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் பூசணியோ பொம்மையோ தொங்கும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இங்கே செக்யூரிட்டி கான் பாய் தள்ளி நின்று, "யே ஜாது ஹை!" என்று அலறினார். சூனியம் என்றால் இங்கே போலீஸ் விவகாரம். எகிப்துக்கார மேனேஜர் வேலையை நிறுத்தினார். கட்டியவன் யாரென்று நாளைக்குள் தெரியாவிட்டால் தமிழ்க் கொத்தனார்கள் அத்தனை பேரும் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

எனக்கு மேஸ்திரி முருகேசன் மேல்தான் சந்தேகம். அறந்தாங்கிக்காரர், கும்பிடாமல் கொத்துக்கரண்டியைத் தொடமாட்டார். தனியே அழைத்தேன்.

"மேஸ்திரி, நீங்கதானே கட்டுனீங்க?"

"நீங்க கட்டிப்புட்டு என்னையக் கேக்குறீகளா சார்?"

அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை. நானும் அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அல் குசைஸில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கமலா கேட்டாள். "ஏனுங்க, எலுமிச்சம்பழம் வாடிப்போச்சுங்களா? நேத்து நீங்க போன் பேசீட்டிருந்தப்பக் கட்டுனேன். எத்தன பேரு கண்ணு படுதோ உங்க மேல."

 அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

காலையில் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். மேசைமேல் அவருடைய சாவிக்கொத்தில் நீலக்கண் மணி ஒன்று கிடந்தது. "இதுவும் அதுவும் ஒன்றுதான் சார், கண் படாமலிருக்க" என்றேன். சட்டென்று அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கலாஸ், விஷயம் முடிந்தது. ஆனால் நீ இனி இங்கே வேண்டாம்." கொத்தனார்கள் தப்பினார்கள். முருகேசன் வாசல்வரை என்னோடு வந்தார். என் நுழைவுப் பாஸை வாங்கிக்கொண்டு வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கட்டிய வாசலுக்குள் இனி நான் நுழைய முடியாது.

கமலா இன்றும் எலுமிச்சம்பழம் கட்டுகிறாள், யார் கண்ணிலும் படாமல் கதவின் உட்பக்கமாக. தெருவைப் பார்க்க வேண்டிய பழம், எங்களைப் பார்த்தபடி தொங்குகிறது.