காசியம்மாள் கொடுத்த சிவப்புப் பழம்

2006-ல் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு பொம்மைக் கம்பெனியில் நான் பேக்கிங் பார்த்தேன். காசியம்மாளுக்கு அங்கே பிசிறு சீவுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரங்களைக் கத்தியால் வழித்துவிடுவாள். ஒரு பொம்மையின் மூக்குகூட அவள் கையில் உடைந்ததில்லை.

கம்பெனி வாசலில் அழகுக்காக முதலாளி ஒரு வேலிச்செடி வைத்திருந்தார். கவட்டை முள், மல்லிகை வாசத்தில் வெள்ளைப் பூ, செக்கச்செவேலென்று பழம். கிள்ளினால் பால் வடிந்ததால் நாங்கள் தொடமாட்டோம். காசியம்மாள் மட்டும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கனிந்ததாக இரண்டு தின்பாள். "நம்ம களாக்கா மாதிரிதான் இருக்குது" என்பாள்.

பெயிண்ட் அடிக்கும் பூர்ணிமாவுக்கு அப்போது மூன்று மாசம். "புளிப்பா எதுனா குடுக்கா" என்று ஒருநாள் கேட்டாள். காசியம்மாள் இரண்டு பழம் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் பூர்ணிமா சிவப்பாக வாந்தி எடுத்தாள்.

அவள் மாமியார் விருத்தாம்பாளுக்குச் சூளையில் வேலை. விஷயம் கேட்டு ஓடிவந்து, "பாலு வடியிற பழத்தக் குடுத்து எம் மருமவளக் கொல்லப் பாத்தியாடி!" என்று கத்தினாள்.

"ஆறு மாசமா நான் திங்கறேன், எனக்கு ஒண்ணும் ஆவல. ஆனா புள்ளத்தாச்சி ஒடம்பு வேற. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம், வாங்க" என்றாள் காசியம்மாள். பழத்தோடு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு அந்தச் செடி தெரியவில்லை. பூர்ணிமாவைப் படுக்க வைத்தார்கள். காசியம்மாள் உட்காரவில்லை. கிளையோடு, செடிகொடி தெரிந்தவர்கள் இருக்கும் அரசு முந்திரி ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய், அங்கிருந்த அதிகாரியிடம் நீட்டினாள்.

"ஆப்பிரிக்காச் செடிம்மா இது. நம்ம களாவுக்குப் பங்காளி. நல்லா கனிஞ்ச பழத்தத் திங்கலாம். காய், எலை, பாலு எதையும் வாயில வெக்கக் கூடாது."

"அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கய்யா."

டாக்டரம்மா சீட்டைப் படித்தார். பூர்ணிமாவை மறுபடி பரிசோதித்துவிட்டு, வாந்தி மசக்கையால் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அப்போது ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பார்கள். காசியம்மாள் விருத்தாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழம் நல்ல பழமா போச்சு. ஆனா என்னான்னு தெரியாம புள்ளத்தாச்சிக்குக் குடுத்தது தப்புதான். மன்னிச்சுக்கக்கா." விருத்தாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செடியை வெட்டிவிடச் சொன்ன முதலாளியிடமும் அவளேதான் போய்ப் பேசினாள். யார் கேட்டாலும் பழுத்ததை மட்டும் தானே பறித்துத் தருவதாகப் பொறுப்பேற்றுக்கொண்டாள். தை மாசம் பூர்ணிமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அதன்பிறகு வேலைக்குப் புதிதாக வந்த ஒவ்வொரு பெண்ணையும் காசியம்மாள் அந்த வேலியருகே அழைத்துப் போவாள். எது பழம், எது காய் என்று காட்டுவதற்கு முன்னால், தான் செய்த தப்பைத்தான் முதலில் சொல்வாள்.