மூன்று தண்ணீரும் ஒரு முட்டையும்

நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு ஆகாது. இந்த வயதிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் யாராவது மைக்கை நீட்டினால் சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் வந்த கூச்சம் என்று என் மகள் சொல்வாள். படிப்பு நிற்பதற்கு முன்னாலேயே அது இருந்தது. அதற்கு ஒரு முட்டை சாட்சி.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் பெரிய அதிகாரி வருகிறார், பிள்ளைகள் ஆளுக்கொரு அறிவியல் சோதனை செய்து காட்ட வேண்டும் என்று தாக்கல் வந்தது. இப்போதைய பிள்ளைகள் செல்போனைப் பார்த்து எரிமலையையே கக்க வைக்கிறார்கள். எங்களுக்கு வாத்தியார் வாய்தான் எல்லாம். ஒரு பையனுக்குக் களிமண்ணில் சூரியன், பூமி, நிலா. இன்னொருத்திக்குத் தண்ணீர் டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்ப்பது. எனக்கு முட்டை. நல்ல தண்ணீரில் முழுகும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். ஏன் என்பதை மூன்று வரியில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். வாத்தியாரும் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்.

உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. வாசலில் இறங்கினால் ஏரி. நைனா, அதாவது என் அப்பா, ஒரு குண்டான் மொண்டு வந்து வைத்தார். அம்மா கோழிக் கூட்டிலிருந்து அன்றைய முட்டையை எடுத்துக் கொடுத்தாள். நான் மெதுவாக விட்டேன். முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

நைனா குனிந்து பார்த்தார். ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்துத் துப்பினார். "கரிக்குதே. இன்னாத்துக்கு முழுவுது?"

"கரையாண்ட தண்ணி அப்டித்தான் இருக்கும்," என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வலையை எடுக்காமல் படகைத் தள்ளிக்கொண்டு ஏரி நடுவுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்தார். முட்டை முழுகியது. எங்கள் ஏரியில் உப்பில்லை என்று யாரோ ஊர்நடுவில் நின்று சொல்லிவிட்டது போல அவர் முகம் ஆகிவிட்டது. அதற்கடுத்த நாள் திட்டைத் தாண்டிக் கடலில் இடுப்பளவு இறங்கி மொண்டு வந்தார்.

"ஊரே வலை போடப் போவுது, இவுரு தண்ணி மொள்ளப் போறாரு," என்றாள் அம்மா.

கடல் தண்ணீரிலும் முழுகியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் அதிகாரி வருகிறார். முட்டை மிதக்காவிட்டால் என் மூன்று வரியும் பொய். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். சோதனை தோற்பது அதற்கு அடுத்ததுதான்.

நைனா முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "கோழிதான் சரியில்ல போலக்குது."

"என் கோழிய இன்னாத்துக்குய்யா இழுக்குற?" அம்மா கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "மூணு நாளா முட்டைய குளிப்பாட்டிக்கினு கீற. மெதக்கணும், அவ்ளோதானே?" உப்புப் பானையில் கையை விட்டு இரண்டு கை அள்ளிக் குண்டானில் போட்டுக் கலக்கினாள். முட்டை லேசாக அசைந்தது. இன்னொரு கை போட்டாள். தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி மெதுவாக மேலே வந்து தலையைக் காட்டியது.

அம்மா கையை உதறிவிட்டு மீனுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு அதோடு போதும். நைனாவுக்குப் போதவில்லை. பாய் கடைக்குப் போய் வாயகன்ற பிஸ்கட் பாட்டில் மூன்று இரவல் வாங்கி வந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் ஏரி, ஒன்றில் கடல். மூன்றிலும் ஒரே அளவு. சின்னத் தேங்காய்க் கொட்டாங்குச்சி ஒன்றால் உப்பைத் தலைதட்டிப் போடுவார், கலக்குவார், முட்டையை விடுவார். கருவாட்டுக்கு வாங்கி வைத்த உப்பு இப்படிப் போகிறதே என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கிணற்றுத் தண்ணீருக்கு மூன்று கொட்டாங்குச்சி பிடித்தது. ஏரிக்கு இரண்டரை. கடலுக்கு இரண்டு.

"பாத்தியாமே," என்றார் அம்மாவிடம். "நம்ம ஏரி ஒன்னும் வெறும் தண்ணி இல்ல. அரக் குச்சி அதுங்கிட்டயே கீது."

மறுநாள் காலை மூன்று பாட்டிலையும் கழுவி, மறுபடி அந்தந்தத் தண்ணீரையே உப்புப் போடாமல் நிரப்பிக் கூடையில் வைத்து அவரே சுமந்து வந்தார். வாத்தியார் கேட்டது இரண்டு பாட்டில். மூன்றாவதையாவது பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று நான் பார்த்தேன். நைனா மூன்றையும் பெஞ்சு மேல் வரிசையாக வைத்து, பக்கத்தில் உப்பையும் கொட்டாங்குச்சியையும் வைத்துவிட்டு வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அதிகாரி கண்ணாடி போட்ட வயதான மனுஷர். என் முறை வந்ததும் மூன்று வரியும் ஓடிப்போய்விட்டன. அதிகாரியே முட்டையை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் விட்டார். முழுகியது. ஏரித் தண்ணீரில் விட்டார். முழுகியது. கடல் தண்ணீரிலும் விட்டுவிட்டு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சார், கடல் தண்ணியிலயும் முழுகுதே?"

வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"எங்க நைனா எல்லாத் தண்ணியும் மொண்டுனு வந்து பாத்துட்டாரு சார். ஒன்னுத்துலயும் மெதக்கல. உப்பு பத்தல. கெணத்துத் தண்ணிக்கு மூணு குச்சி, ஏரிக்கு ரெண்டர, கடலுக்கு ரெண்டு."

"போடு பார்க்கலாம்," என்றார்.

கடல் தண்ணீரில் இரண்டு குச்சி போட்டுக் கலக்கினேன். முட்டை மேலே வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏரித் தண்ணீருக்கும் போடச் சொன்னார். இரண்டில் தத்தளித்தது, இரண்டரையில் மிதந்தது. "இதை யார் அளந்தது?" என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன். ஜன்னலில் யாரும் இல்லை; நைனா கீழே குனிந்து மறைந்துகொண்டார் போலிருக்கிறது. அதிகாரி சிரித்து என் தலையைத் தட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கே களிமண் நிலா உருண்டு கீழே விழுந்துகிடந்தது.

ஈர வலையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. இனி யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை. வீட்டுக்குப் போகலாம், சோறு தின்னலாம், அந்த முட்டையையும் வேகவைத்துத் தின்றுவிடலாம்.

அதிகாரி படகேறிப் போனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாத்தியார் வாசல்படியில் நின்றிருந்தார். நைனா தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கீழே மணலில் நின்றார்.

"சாரு, ஒன்னு கேக்கலாமா? மழக்காலத்துல ஏரித் தண்ணி இனிச்சிப் போவுது இல்ல, அப்போ அதே பாரம் ஏத்துனாலும் படவு கொஞ்சம் கூட அமுங்குறாப்ல கீது. கோல் ஊனுற அசதியில எனக்குத்தான் அப்டித் தோணுதோன்னு ரொம்ப நாளா…"

வாத்தியார் அவரையே பார்த்தார். "உள்ள வாப்பா. வந்து உக்காரு. அதச் சொல்றேன்."

நைனா அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு காலைப் படிமேல் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா நைனா, வூட்டுக்குப் போலாம். வா."

அவர் காலை எடுத்துக்கொண்டார். "பாப்பாவுக்குப் பசிக்குதாம் சாரு," என்று சிரித்தார். கூடையை என்னிடமிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டே போனேன். நைனா இரண்டு தடவை நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பாட்டில் எதையாவது விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று பார்க்கிறார் போல என்று நினைத்து, மூன்றும் கூடையிலேதான் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன்.