சனிக்கிழமையம்மாவின் கடைசித் திருத்தம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குப் பெருமை தராத பகுதி ஒன்றும் இதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் கமலவேணி அம்மா பொறுத்துக்கொள்ள மாட்டார். செய்தித்தாளில் அவர் எழுதியதைச் சனிக்கிழமைதோறும் இந்த நூலகத்தில் படித்த உங்களுக்கும் அது தெரியும்.

செய்தி எனக்கு ஒண்டிக்கடை சந்திப்பில் கிடைத்தது. வியாழக்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழி. பேப்பர் கடை அண்ணன் அன்றைய செய்தித்தாளை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க சனிக்கிழமையம்மா போயிட்டாங்க கண்ணு. நேத்து சாயந்திரமாம்."

நான் உடனே அழவில்லை. பையைத் திறந்து, வேதியியல் புத்தகத்துக்குள் அந்த இரண்டு தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அதற்குப் பிறகுதான் அழுதேன். அந்தத் தாள்கள் ஒன்பது நாட்களுக்கு முன்பே சேலம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை.

'சனிக்கிழமைச் சொல்' என்ற அவருடைய பகுதி, மக்கள் பேசும் மொழியைப் பற்றியது. சந்தையில், பஸ்ஸில், களத்துமேட்டில் கேட்ட பேச்சை எழுதுவார். ஆனால் அவரைப் பெரியவராக்கியது வேறொன்று. அவர் ஒரு விதி வைத்திருந்தார்: "தவறு எவ்வளவு இடம் பிடித்ததோ, திருத்தமும் அவ்வளவு இடம் பிடிக்க வேண்டும்." ஒரு வரி தவறென்றால் ஒரு வரி, ஒரு பத்தி தவறென்றால் ஒரு பத்தி. திருத்தியவர் பெயரும் அதில் இருக்கும். குப்பனூர் வழியாக மலையேறும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருமுறை அவருடைய ஒரு பத்தியைத் திருத்தினார். அடுத்த வாரம் அவர் பெயரோடு வந்த பத்தியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போன கார்த்திகையில் அவர் எங்கள் எஸ்டேட்டைப் பற்றி எழுதினார். எஸ்டேட், கணக்கு எழுதும் ரைட்டர், ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் என்று எல்லாமே ஆங்கிலத்திடம் வாங்கியவை, இவர்களுக்குத் தங்கள் வேலையைச் சொல்லத் தங்கள் சொல் ஒன்றுகூட இல்லை என்று முழுப் பகுதியும் எழுதியிருந்தார். நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் வழக்கம்போல நான் அதை உரக்கப் படித்தேன். முடித்ததும் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அத்தை கேட்டார்:

"அப்ப நாமெல்லாம் ஊமையாட்டவா வேலை செய்யறோம்?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "ஆபீஸ்ல குந்தி ரைட்டரக் கேட்டா ரைட்டரு பேச்சுதான் வரும். எங்க நெரைக்கு வந்து நின்னு கேக்கச் சொல்லு," என்றார்.

இதை நான் அம்மாவின் பெயரோடு, ஒரு எழுத்தும் மாற்றாமல் கமலவேணி அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பத்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அவரே வந்து இறங்கிவிட்டார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். காலில் கான்வாஸ் ஷூ, தலையில் மஃப்ளர். அன்று பள்ளி விடுமுறை என்பதால் நானும் உடனிருந்தேன்.

"ருக்குமணிங்கறது நீங்களா? நீங்க சொன்னதுதான் சரி. நான் ரைட்டரைத்தான் கேட்டேன்," என்று என் அம்மாவிடம் சொன்னார். பிறகு ஒரு கூடையை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, நாங்கள் நிரை என்று சொல்லும் காபிச் செடி வரிசைக்குள் இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நோட்டையும் வெளியே எடுக்கவில்லை. "கேட்டால் எனக்குப் பிடித்த பதில் வரும். காத்திருந்தால் உண்மையான பேச்சு வரும்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பேச்சு வரச் சற்று நேரமானது. அம்மா, பாப்பாத்தி அத்தை என்று அந்த நிரையிலிருந்த ஐந்து பெண்களும் விருந்தாளி முன்னால் உட்கார்ந்ததுபோல வாயை மூடிக்கொண்டு பழம் பறித்தார்கள். அவரோ பச்சைக் காய்களையும் சேர்த்து உருவிக்கொண்டிருந்தார். கடைசியில் பாப்பாத்தி அத்தைக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, அது இன்னும் மொறைச்சுட்டு இருக்குதுங்க. சிரிக்கிறதாப் பாத்து எடுங்க!"

கமலவேணி அம்மாவின் கை அப்படியே நின்றது. நன்றாகச் சிவந்தது சிரிக்கிற பழம், பாதி பச்சையாக நிற்பது முறைக்கிற பழம். நாங்கள் தினமும் சொல்வதுதான். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. அதோடு எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது. ஒருத்தி கொப்பை வேகமாக இழுக்க, பனித்தண்ணீர் அடுத்தவள் மேல் கொட்டியது. "என்னைய எதுக்குடி குளிப்பாட்டி உடறே?" என்று சண்டை வந்தது. நிரையில் பின்தங்குபவளுக்கு எங்களிடம் 'புது மருமக' என்று பெயர். அன்று முழுவதும் பின்தங்கியவர் அவர்தான்.

"புது மருமகளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுங்கடி, மயங்கி உழுந்துரப் போகுது," என்று பாப்பாத்தி அத்தை கத்தினார். கமலவேணி அம்மா வெடித்துச் சிரித்தார். மத்தியானம் சாக்கின் மேல் உட்கார்ந்து, காலையில் கேட்டதையெல்லாம் மனப்பாடமாக எழுதினார். இரண்டு பக்கம் நிறைந்தது.

பொங்கல் கழிந்து அவர் கைப்பட எழுதிய இரண்டு தாள்கள் தபாலில் வந்தன. அவருடைய திருத்தம். "ஐந்து பேரும் கேட்டுவிட்டு, தப்பிருந்தால் கோடு போட்டு அனுப்புங்கள். நீங்கள் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும். இப்படிக்கு, உங்கள் நிரையின் புது மருமகள்" என்று அடியில் எழுதியிருந்தார். அன்றே படித்துக் காட்டினேன். ஒரே ஒரு தப்பு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னவர் ருக்குமணி என்று எழுதியிருந்தார்.

"'புது மருமக'ன்னு பேரு வெச்சது நானுங்க!" என்று பாப்பாத்தி அத்தை எழுந்தே நின்றுவிட்டார். கோடு போட்டு ஐந்து பெயர்களையும் எழுதினேன்.

"நாளைக்கே தபால்ல போட்டுரு சாமி," என்றார் அம்மா.

நான் போடவில்லை. இனிதான் எனக்குப் பெருமை தராத பகுதி. அந்தத் தாளில் 'கடிதம் எழுதிய மாணவி' என்று என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை என் தோழிகளிடம் காட்டினேன். பிறகு தமிழாசிரியையிடம் காட்டினேன். பிறகு பக்கத்து வகுப்பில் காட்டினேன். அம்மா கேட்டபோது, "போட்டாச்சும்மா" என்றேன். ஒரு சனிக்கிழமை போனது. அடுத்ததற்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். தவறென்று தெரிந்தும் திருத்தாமல் விட்டவர் என்ற பெயர் அவருக்கு என்னால் வந்துவிடும் என்று ஒண்டிக்கடையில் நின்றபோது புரிந்தது.

பள்ளிக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு ஓடி, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கூடையை அவிழ்த்து அத்தையிடம் கொடுத்தார்.

"அழுவறதையெல்லாம் பஸ்ஸுல அழுதுக்கலாம். நட."

சேலத்தில் அந்தச் செய்தித்தாள் அலுவலகத்தில், சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்க்கும் ஆசிரியர் களைத்திருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. 'சனிக்கிழமைச் சொல்' வரும் இடத்தில் கமலவேணி அம்மாவின் படமும் பெரியவர்களின் புகழுரையும் வைப்பதாக முடிவாகியிருந்தது. தாள்களை இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அவங்க எழுத்துதான். ஆனா, அவங்க கடைசி வாரத்துல போய் அவங்க தப்பை நாங்களே ஊருக்குச் சொல்றதாம்மா? மரியாதையா இருக்குமா?"

அலுவலகம் என்றால் என் அம்மா வாசலிலேயே நிற்பவர். அன்று மேசை வரைக்கும் போனார்.

"ஏனுங்க, தப்புன்னு தெரிஞ்சா ஊரறியச் சொன்னவங்க அவங்க. அதுக்காவ ஒரு நாள் பூரா எங்ககூட வெயில்ல நின்னாங்க. நீங்க அத மறைச்சுப் போட்டு புகழ்ந்து எழுதுனா, அது வேற யாரையோ புகழ்ந்த மாதிரி ஆயிருமுங்க."

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அந்தப் படத்தை எடுத்துடுங்கப்பா. மேட்டர் வந்திருக்கு. அவங்களோடதே."

சனிக்கிழமை அது வந்தது. "ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மலையைக் கேட்டேன். இவர்களுக்குச் சொல் இல்லை என்று எழுதினேன். அன்று அவர்கள் நிரையில் சொல் இல்லாமல் நின்றது நான்" என்று தொடங்கியது. கீழே ஐந்து பெயர்களும் இருந்தன. அவற்றுக்கும் கீழே ஆசிரியர் ஒன்று சேர்த்திருந்தார்: இனி இந்தச் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் தவறு வந்தாலும் கமலவேணி விதிப்படியே திருத்தம் வரும் என்று. ஒரு பெண் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட விதி, இன்று ஒரு செய்தித்தாளின் விதி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்த விதிதான். என் ஒன்பது நாட்களுக்கு இங்கே எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன் என்று அளந்து பார்த்தேன். போதாதென்று பட்டால் சொல்லுங்கள், இன்னும் எழுதுகிறேன்.

நேற்று, அந்தச் சனிக்கிழமை மாலையிலேயே, நூலகர் பழைய பகுதியையும் புதிய திருத்தத்தையும் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்தார். ஐந்து பெண்களும் வேலை முடிந்து நேராக வந்துவிட்டார்கள். அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, பழையதன் மேல் சாண் வைத்து அளந்தார். பிறகு புதியதை அளந்தார்.

"ரெண்டு வெரலு சாஸ்தியா இருக்குதே," என்றார்.

"அது எம்பேரு புடிச்ச எடம்," என்றார் பாப்பாத்தி அத்தை. எல்லோரும் சிரித்ததில் நூலகர் சத்தம் போடவேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

மூடும் நேரமாகியும் யாரும் நகரவில்லை. நூலகர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். பலகைக்கு மேலிருந்த விளக்கின் கீழே அம்மா தன் பெயரை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து வரும்வரை காத்திருந்துவிட்டு, நூலகர் அதையும் அணைத்தார்.