பெர்கனில் மீந்த ஒரு மக்ரூன்

என் மகன் ஜெரால்டு நார்வேயில் பெண் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. முழங்கால் வலியால் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சம்பந்தியம்மா சிக்ரித்தை நேரில் பார்த்ததே இந்த ஜூன் மாதம்தான். அவரும் என்னைப் போல் கணவரை இழந்தவர்.

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? தூத்துக்குடியில், முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுட்ட மக்ரூன் அரை கிலோ டப்பா வாங்கினேன். "குளிரு ஒண்ணும் செய்யாதும்மா, ஈரம் மட்டும் படக்கூடாது" என்றார் கடை அண்ணாச்சி. நான் போகிற பெர்கன் நகரத்தில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை. அதை அவரிடம் சொல்லவில்லை.

சென்னை, தோஹா, ஆஸ்லோ வழியாகப் போய்ச் சேர முப்பது மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். டிராம் முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிடுகிறது. இறங்கியதும் மழை. குடையை டப்பாவுக்குப் பிடித்தேன். நனைந்தது நான்தான்.

மறுநாள் காலை பழைய துறைமுகம் பார்த்தோம். தண்ணீரை ஒட்டி வரிசையாக மரவீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் வணிகர்கள் மீன் வியாபாரம் செய்த இடம். பக்கத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் காய்ந்த மீனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டிக்கெட் எடுத்துக் கருவாடு பார்த்த முதல் தூத்துக்குடிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

"உப்பே போடாம காய வச்சதும்மா" என்றான் ஜெரால்டு.

"அதான் தின்ன ஆளில்லாம காட்சிக்கு வச்சிருக்காவ."

மாலை ஐந்து மணிக்குச் சம்பந்தி வீட்டில் விருந்து. சீக்கிரம் வந்த உறவினர்கள் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, சரியாக ஐந்துக்கு மணி அடித்தார்கள். எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

மொத்தம் பதினான்கு பேர். காபியோடு மக்ரூன் தட்டு வந்தது. மொறுமொறுப்புக் குறையவில்லை. தட்டு இரண்டு சுற்று போனது. கடைசியில் ஒன்று மீந்தது. அதை யாரும் தொடவில்லை. எங்கள் பக்கம் பலகாரம் மீந்தால் பக்குவம் சரியில்லை என்று அர்த்தம்.

"ஏலே, நமுத்துப் போச்சோ?"

"யம்மா, இங்கன கடைசித் துண்ட யாரும் எடுக்க மாட்டாவ. அது மரியாத."

"ருசியா இருந்தா எதுக்குல மரியாத?"

சம்பந்தியம்மாவின் தம்பி அந்த மக்ரூனைக் கத்தியால் நறுக்கிப் பாதி எடுத்துக்கொண்டார். மீதியில் பாதியை அவர் மனைவி. அதிலும் பாதியை இன்னொருவர். முடிவில் என் மானம் புளியங்கொட்டை அளவில் தட்டின் நடுவே கிடந்தது.

விருந்தினர் எழுந்ததும் என் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சம்பந்தியம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தார். தட்டு காலி. டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கிடந்த தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பியவர் மோவாயில் வெள்ளைத் தூள். முகம் சிவந்துவிட்டது.

நான் கையை நீட்டினேன். மிச்சத் தூளை அதில் தட்டினார். இருவரும் நின்றபடியே தின்றோம்.

போகிறவர்களுக்குச் சொல்வது: ஜூனிலும் ஸ்வெட்டர் தேவை. குடை இரண்டு வேண்டும், ஒன்று டப்பாவுக்கு. மக்ரூன் ஒரு கிலோவாக வாங்குங்கள். பாதியைத் தட்டில் வையுங்கள். மறுபாதியைச் சமையலறையில், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா கையில் கொடுங்கள்.