ஊதும் மிஷின் கெட்டுப்போன காலை

டிப்போவில் அவருக்குத் தண்ணி வண்டி என்று பேர். குடியை விட்டுப் பதினாலு மாசம் ஆகிவிட்டது, பேர்தான் விடுவதாக இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கும் அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவரும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். அதில் கடைசி மூன்று வருஷம் எப்படி ஓட்டினார் என்பது அவருக்கே வெளிச்சம். ஒருநாள் வளைவில் கண்டக்டர் விசிலை விடாமல் ஊத, கால் தானாக பிரேக்கில் விழுந்து, ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு முழம் தூரத்தில் வண்டி நின்றது. உள்ளே நாற்பது பேர். "நல்லவேளை, கெட்டிக்கார டிரைவர்" என்று ஒரு பெரியவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினார். சுவரே கண்ணில் படவில்லை என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டிய இடம் இன்றைக்கும் கூசுகிறது. மறுநாளே தானாகப் போய் வைத்தியத்தில் சேர்ந்தார்.

திரும்பி வந்தவரை ஒரு வருஷம் பஸ் கழுவ விட்டார்கள். போன மாசம்தான் வண்டி கைக்கு வந்தது. காலையில் சாவி வாங்கும் முன் எல்லா டிரைவரும் டைம் கீப்பர் ஜன்னலில் இருக்கும் மிஷினில் ஊத வேண்டும், குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் சைபர் விழும்வரை நிற்பார், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி நல்லது சொன்னால் பாசம், டாக்டர் சொன்னால் தொழில். மிஷினுக்கு யார்மேலும் இரக்கம் கிடையாது. அது சொன்னால் மட்டும் நம்புவார்.

அன்றைக்கு மிஷின் செத்துக் கிடந்தது.

"இன்னைக்கு யாரும் ஊத வேணாம். சாவிய வாங்கிட்டுக் கிளம்புங்க" என்றார் டைம் கீப்பர்.

இவர் சாவியை வாங்கினார், நகரவில்லை. விடியற்காலைக் கனவில் வயிறு முட்டக் குடித்திருந்தார். எழுந்தபோது நாக்கில் கசப்பு இருந்தது. கனவுதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் குடித்த நாட்களிலும் குடிக்கவில்லை என்று அடித்துச் சொன்னது இதே புத்திதானே. அதை நம்பி நாற்பது பேரை ஏற்றுவதா?

"வேற மிஷின் இருக்கா?"

"நாளைக்கு வரும்ணே. உங்களப் பாத்தாலே தெரியுது. போங்க."

"பாத்தா தெரியாது."

மேனேஜர் வந்தார். மேலிடத்தில் பேசி இவருக்கு வண்டி வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். "ஜனங்க ஏறி உக்காந்துட்டாங்க. நீ இன்னைக்கு எடுக்கலன்னா இனிமே உனக்காக என்னால பேச முடியாது. கழுவுற வேலையோட சரி. புரியுதா?"

புரிந்தது. சாவியை ஜன்னல் பலகைமேல் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. மகள் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். நேரங்கெட்ட நேரத்தில் அப்பா யூனிஃபார்மோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் பாதிச் சடையோடு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பழைய நாட்களில் பழகிக்கொண்டது.

நான் குடிக்கலம்மா என்று சொல்ல வாயெடுத்தார். குடித்த ஒவ்வொரு நாளும் ஓர் எழுத்து மாறாமல் சொன்னது அதைத்தான். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

மனைவி கிட்டே வந்து சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். முகம் குழம்பிப்போனது. "இல்லையே. அப்புறம் ஏன் வந்துட்டீங்க?"

சொன்னார். கேட்கக் கேட்க அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிச்சிட்டு வந்தா திட்டவாவது தெரியும். குடிக்காம வந்து நிக்கிற ஆள நான் என்ன பண்றது?"

"இன்னொரு தடவ பாரு" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். இந்தத் தடவை அவர் வாய்க்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்து நிதானமாகப் பார்த்தாள். "இல்லைங்க, சத்தியமா இல்ல" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பாசத்தில் சொல்கிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது.