ஓடுகாலிப் பக்கம்

அந்த ஆபீஸில் ஒரு கெட்ட வார்த்தை சர்வசாதாரணமாகப் புழங்கியது. அவர்கள் நடத்தும் இணையதளத்துக்குள் வந்த வேகத்தில் வெளியே போய்விடுகிற ஆளுக்கு அங்கே 'ஓடுகாலி' என்று பெயர். சுவரில் ஒரு பெரிய திரை. தளத்துக்கு வருகிறவர்கள் அதில் பச்சைப் புள்ளிகள். சட்டென்று கிளம்பினால் புள்ளி சிவந்து மறையும். சிவப்பைக் கண்டால் மேனேஜருக்கு வயிறு எரியும். யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "இதுல எத்தனை நிமிஷம் நிப்பாங்க?" என்பதைத் தவிர அந்த மனுஷன் வாயில் வேறு கேள்வி வராது. அதனால் அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். வைத்தது அக்கா.

தளத்தில் அவசர உதவிப் பக்கங்களை எழுதுகிறவள் அக்கா. கையைச் சுட்டுக்கொண்டால் என்ன செய்வது, மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்கிற மாதிரிப் பக்கங்கள். மெத்தைக் கடைக்கு மேலே இருந்த நீளமான அறையில், ஏசி ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில் அவள் மேஜை. வாளி நிரம்பினால் கொட்டுவதும் அவள்தான். மற்றவர்களுக்கு அந்த வாளி கண்ணிலேயே படாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரணை கவுண்டரில் இருந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்து வழி கேட்கிறவனை நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்தால் அவன் சும்மா விடுவானா? அந்தப் பழக்கம் எழுத்திலும் ஒட்டிக்கொண்டது. பதில் முதல் வரியிலேயே இருக்கும். படிக்கிறவர்கள் அதைப் பார்த்ததும் போய்விடுவார்கள். அவள் பக்கங்களில் எப்போதும் சிவப்புதான். 'ஓடுகாலி அக்கா' என்று ஆபீஸே கேலி செய்தது.

அவளுக்கு அந்த வார்த்தை என்ன புதுசா? கைநீட்டுகிற புருஷனை விட்டுவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு, மாமியார் தெருவே கேட்கும்படி கத்திய வார்த்தை அது. அன்றைக்கு அழுதுகொண்டே நடந்தாள். பிறகு வந்த வருஷங்களில் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டாள். ஓடியதில் ஒரு தப்பும் இல்லை. ஓடவிடாமல் வாசலை மறித்து நின்றார்களே, தப்பெல்லாம் அவர்கள் மேல். இந்த விஷயத்தில் அவளிடம் யார் வாதாடினாலும் ஜெயிக்க முடியாது.

வம்பு ஆரம்பித்தது பட்டன் பேட்டரிப் பக்கத்தில். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்குமே, சின்ன வட்டமாக, அந்தப் பேட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று அக்கா எழுதியிருந்த பக்கம். நிமிஷம் அவளைக் கூப்பிட்டார்.

"முதல்ல ஒரு கதை வைங்கம்மா. நடுவுல ஒரு வீடியோ. அப்புறம் சின்னதா ஒரு புதிர். பதில் மூணாவது பக்கத்துல போதும்."

"சார், புள்ள பேட்டரிய முழுங்கியிருக்கு. பெத்தவங்க உக்காந்து புதிர் போடுவாங்களா?"

"உக்கார வைக்கிறதுதாம்மா நம்ம வேலையே."

"அந்த வேலை எனக்குத் தெரியாது சார்."

"அப்ப வேற இடம் பாத்துக்கோங்க."

மகள் கல்லூரியில் கடைசி வருஷம். இந்த வயதில் வேறு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், புண்ணியவான். அவள் அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை. போய் வாளியைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், நிமிஷமே அந்தப் பக்கத்தை மாற்றி எழுதி ஏற்றியிருந்தார். 'பட்டன் பேட்டரி: நீங்கள் அறியாத சுவாரசியங்கள்!' என்று தலைப்பு வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அந்தப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா! அசையல பாருங்க!" நிமிஷத்துக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அக்கா புள்ளியைத் தன் கணினியில் திறந்து பார்த்தாள். அந்த ஆள் பக்கத்தை மேலே தள்ளுகிறார், கீழே தள்ளுகிறார், மறுபடி மேலே. எதையோ தேடித் தவிக்கிற கை அது. பக்கத்தின் மூலையில், வருகிறவர்களிடம் தானாகவே பேச்சுக் கொடுக்கும் ஒரு பெட்டி உண்டு. ஆபீஸில் அதற்கு வாயாடி என்று பெயர். அந்த ஆள் அதில் தட்டியிருந்தார்: 'பாப்பா முழுங்கிட்டா. வாந்தி எடுக்க வைக்கவா?'

வாயாடி பதில் சொல்லியிருந்தது: 'அருமையான கேள்வி! முதலில் எங்கள் புதிரை விளையாடிப் பாருங்களேன்!'

ஐயோ பாவி! அக்கா வாயாடியை நிறுத்திவிட்டுத் தானே தட்டினாள்: 'வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் பாக்க வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்க. ஓடுங்க!'

புள்ளி சிவந்தது. மறைந்தது.

"யாரு அது? நல்லா நின்ன ஆளத் தொரத்திவிட்டது யாரு?" என்று நிமிஷம் பாய்ந்து வந்தார்.

"நான்தான் சார். தொரத்தித்தான் விட்டேன்." திரையில் இருந்ததை அவருக்குக் காட்டினாள். அவர் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் அத்தனை பேர் பார்க்கிறார்களே, மனுஷனுக்கு இறங்கிவர மனசில்லை.

"என்னைக் கேக்காம எப்படிச் செய்யலாம்? சிஸ்டத்த மூடிட்டுக் கெளம்புங்க."

அவள் மூடவில்லை. சுவாரசியம், கதை, புதிர் எல்லாவற்றையும் அழித்தாள். 'உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்' என்ற தன் பழைய முதல் வரியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அது ஏறிவிட்டதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்துக்கொண்டாள்.

"கெளம்புங்கன்னு சொன்னேன்!"

"நான் கெளம்பினா இந்த வரியத் திரும்ப மூணாம் பக்கத்துக்குத் தள்ளிடுவீங்க." அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஓட வேண்டியவங்க ஓடிட்டாங்க சார். இந்த ஓடுகாலி இன்னைக்கு ஓடறதா இல்ல. இங்கயேதான் உக்காந்திருப்பேன். எத்தனை நிமிஷம்னு நீங்களே எண்ணிக்கோங்க."