பூட்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தவன்

பெண்கள் கால்பந்து அணிக்குச் சாமான் பார்க்கிறவன் பூட்ஸ் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மேனேஜரைத்தான் பொறுக்க முடியாது. மைசூரில் ஒரு பெரிய கிளப்பில் எனக்கு அந்த வேலை. வயது அறுபத்திரண்டு. பதவியின் பெயர் 'கிட் பாய்'. உங்களையும் யாராவது இந்த வயதில் பாய் என்று கூப்பிட்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அருவி

போன மாட்சில் எங்கள் கோல்கீப்பர் ஜெனிஃபரின் காலுக்கு நடுவே பந்து போய்விட்டது. யாரோ அதைப் படம்பிடித்துப் போட, ஊரே அவளைத் திட்டி எழுதியது. பொண்ணு சோற்றை விட்டாள், போனை விடவில்லை. அடுத்த மாட்சிலும் சொதப்பினால் அணியில் இடம் போய்விடும்.

மேனேஜர் என்ன செய்தார்? பெங்களூரிலிருந்து கோட்டுப் போட்ட மனப் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிவந்தார். எல்லோரும் கண்ணை மூடி ஓர் அருவியை நினைக்கணுமாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஜெனிஃபர் போனைக் கையில் இறுக்கிக்கொண்டு எழுந்தாள்: "சார், பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?"

பழப் பை

மாட்ச் அன்று காலை தேவராஜ மார்க்கெட்டில், இடைவேளையில் பெண்கள் கடிக்க எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். கேட்டிலேயே காத்திருந்த ஜெனிஃபர் போனை அணைத்து என் பைக்குள் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். இந்தப் புத்தி கோட்டுக்காரருக்கு வந்ததா? அவள் சொன்னது இதுதான்: "மாட்ச் முடியற வரைக்கும் நானே வந்து அழுதாலும் குடுக்காதீங்க அங்கிள்."

வீடியோ

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேனேஜர் ஓடிவந்தார். ஜெனிஃபர் தன் போனில் சிரித்தபடி ஒரு வீடியோ போடணுமாம், விளம்பரக்காரர் கேட்கிறாராம். போட்டால் கீழே என்னென்ன எழுதுவார்கள் என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதா? பையைப் பூட்ஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் கன்னடம் கலந்து கேட்டது சாகும்வரை எனக்கு மறக்காது: "ஏன்ரீ, ஒரு கிட் பாய்க்கு இவ்வளவு கொழுப்பா?"

இடைவேளை

முதல் பாதியில் ஜெனிஃபர் ஒரு கோல் விட்டாள். இடைவேளையில் நேராக என்னிடம் வந்தாள். "ஒரே நிமிஷம் அங்கிள், என்ன எழுதறாங்கன்னு பாத்துட்டுத் தந்துடறேன்" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அழுதாள். "நீங்க யாரு எனக்கு?" என்று கத்தினாள். சுருக்கென்றது. எலுமிச்சைத் துண்டை நீட்டினேன். பிடுங்கி வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே போனாள்.

அப்புறம் ஒரு பந்தும் அவளைத் தாண்டவில்லை. எங்கள் பெண்களும் ஒரு கோல் போட, ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது, அவள் இடமும் தங்கியது. மேனேஜர் டிவிக்காரர்களுக்கு அருவியை விளக்கிக்கொண்டிருந்தார்! பெண்கள் வந்து அவரவர் போனை அள்ளிக்கொண்டார்கள். ஜெனிஃபர் மட்டும் தன்னுடையதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டாள்: "நாளைக்குக் காலையில தாங்க அங்கிள். இப்ப பசிக்குது."

ஆக, அணியின் மன உறுதி முழுவதும் அன்று நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் கிடந்தது, பேப்பரில் படம் வந்ததோ கோட்டுக்காரருக்கு.